நாடாளுமன்றத்தின் அதிகாரம் எதுவரை? ராமநாதபுரம் கடலோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை என்று கடலை ஒட்டிய ஊர்களில் டெல்லியைப் பற்றிப் பேச்சு வராத நாளே இல்லை. படகு பிடிபட்டால், தடைக்காலம் வந்தால், கச்சத்தீவு செய்தியில் அடிபட்டால், உடனே யாராவது ஒருவர் சொல்வார்: "பார்லிமெண்டில் ஒரு சட்டம் போட்டால் முடிந்துபோகுமே!" சில விஷயங்களில் அது உண்மை. பல விஷயங்களில் உண்மை இல்லை. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் வருஷக்கணக்கில் மனு கொடுத்து அலைகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

நாடாளுமன்றம் நினைத்தால் எந்தச் சட்டத்தையும் போடலாம்தானே?

முடியாது. இங்கிலாந்தில் அப்படி ஒரு மரபு உண்டு. அங்கே நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை எந்த நீதிமன்றமும் செல்லாது என்று தள்ள முடியாது. நம் நாட்டில் நாடாளுமன்றமே அரசியல் சாசனத்தால் உண்டானது. சட்டம் இயற்றும் அதிகாரத்தைக் கொடுக்கும் 245-வது பிரிவே "இந்தச் சாசனத்துக்கு உட்பட்டு" என்றுதான் தொடங்குகிறது. அந்தச் சட்டம் போட நாடாளுமன்றத்துக்கு உரிமை இருந்ததா, அடிப்படை உரிமைகளை அது மீறுகிறதா என்று உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் பார்க்கலாம். மீறினால் 13-வது பிரிவின்படி மீறிய அளவுக்கு அது செல்லாது.

மீன்பிடித் தொழில் யார் கையில் இருக்கிறது? டெல்லியா, சென்னையா?

இரண்டு பேர் கையிலும் இருக்கிறது. யார் கையில் என்பதைத் தீர்மானிப்பது கரையிலிருந்து நீங்கள் எவ்வளவு தூரம் போயிருக்கிறீர்கள் என்பது. இது தெரியாமல் நம் ஊரில் பாதிச் சண்டை நடக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன. மத்தியப் பட்டியலில் இருப்பவை நாடாளுமன்றத்துக்கு, மாநிலப் பட்டியலில் இருப்பவை சட்டமன்றத்துக்கு, பொதுப் பட்டியலில் இருப்பவை இருவருக்கும். மாநிலப் பட்டியலின் 21-வது இனம் "மீன்வளம்". மத்தியப் பட்டியலின் 57-வது இனம் "ஆட்சிக் கடல் எல்லைக்கு அப்பால் மீன்பிடித்தல்". அந்த ஆட்சிக் கடல் எல்லை 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் என்று நாடாளுமன்றம் 1976-ல் இயற்றிய கடல் மண்டலச் சட்டம் சொல்கிறது. அதற்குள்ளே மீன்பிடியை ஒழுங்குபடுத்துவது தமிழ்நாட்டின் 1983-ஆம் ஆண்டுச் சட்டம். அதைத் தாண்டினால் ஒன்றிய அரசு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வருகிறதே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் நிற்கிற விசைப்படகுக்காரருக்கு அது ஒரே தடையாகத்தான் தெரியும். சட்டப்படி அது இரண்டு உத்தரவு: 12 மைலுக்குள் மாநில அரசு போடுவது ஒன்று, அதற்கு அப்பால் ஒன்றிய அரசு போடுவது இன்னொன்று. தடைக்கால நிவாரணம் போதவில்லை என்று கேட்கப் போகும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

சுருக்குமடி வழக்கிலும் இந்தக் கோடுதான் பேசியது. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலையைத் தமிழ்நாடு அரசு தடை செய்திருந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டபோது, 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை என்று நிபந்தனைகளோடு அனுமதித்தது. சிறுதொழில் மீனவர்களுக்கு அந்த உத்தரவில் வருத்தம் உண்டு. அந்த வருத்தம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். மீன் கூட்டம் 12 மைல் கோட்டைப் பார்த்து நீந்துவதில்லை.

2012-ல் இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். அந்த வழக்கை நடத்த கேரள அரசுக்கு அதிகாரம் இல்லை, ஒன்றிய அரசுக்குத்தான் உண்டு என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. காரணம், சம்பவம் நடந்த இடம் சுமார் 20 கடல் மைல் தூரத்தில் இருந்தது.

நம் பகுதிக்கு மட்டும் ஒரு சிக்கல் கூடுதல். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடல் மிகக் குறுகியது. சர்வதேச எல்லைக்கோடு 12 மைல் வரும் முன்பே வந்துவிடுகிறது. ஆகவே பாக் நீரிணையில் படகு விடுகிறவருக்கு மாநிலக் கடல் முடிந்தவுடன் அடுத்த நாட்டுக் கடல். அங்கே எழும் பிரச்சினை மீன்வளம் என்ற தலைப்பை விட்டு வெளியுறவு என்ற தலைப்புக்குப் போய்விடும். வெளியுறவு முழுக்க மத்தியப் பட்டியல்.

பொதுப் பட்டியலில் இருவரும் சட்டம் போட்டால் எது செல்லும்?

முரண்பாடு வந்தால் நாடாளுமன்றச் சட்டம்தான். ஆனால் மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தால் அந்த மாநிலத்துக்குள் அது நிற்கும் (254-வது பிரிவு). ஜல்லிக்கட்டு நிலைத்தது இந்த வழியில்தான். விலங்கு வதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் இருக்கிறது. 2017-ல் தமிழ்நாடு ஒரு திருத்தச் சட்டம் போட்டு ஒப்புதல் வாங்கியது, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. அந்த ஒப்புதலுக்குப் பிறகும் நாடாளுமன்றம் விரும்பினால் வேறு சட்டம் போட்டு அதை மாற்றலாம் என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ளுங்கள்.

மாநிலப் பட்டியலுக்குள் நாடாளுமன்றம் நுழைய வழியே இல்லையா?

உண்டு, சில வழிகள். மாநிலங்களவை மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு தேசிய நலனுக்காக என்று தீர்மானம் போட்டால் தற்காலிகமாக நுழையலாம் (249). நெருக்கடி நிலையில் நுழையலாம் (250). இரண்டோ அதற்கு மேலோ மாநிலங்கள் கேட்டுக்கொண்டால் அந்த மாநிலங்களுக்காகச் சட்டம் போடலாம் (252). வெளிநாட்டு ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்காகவும் போடலாம் (253). மாநில ஆட்சி கலைக்கப்பட்டால் சட்டமன்றத்தின் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு வந்துவிடும் (356).

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா என்று 1986-ல் அறிவிக்கப்பட்டது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ். அந்தச் சட்டம் வந்த 1972-ல் வன உயிரினம் மாநிலப் பட்டியலில் இருந்தது. மாநிலங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்டதால்தான் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைப் போட முடிந்தது. பிறகு 1976-ல் 42-வது திருத்தம் காடு, வன உயிரினம், கல்வி உள்ளிட்டவற்றைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றிவிட்டது. இன்று மாநிலம் கேட்க வேண்டிய தேவையே இல்லை. கல்வியைத் திருப்பித் தாருங்கள் என்று தமிழ்நாடு இத்தனை ஆண்டுகளாகக் கேட்பது இதைத்தான்.

கடல் அட்டையைத் தடை செய்தது நாடாளுமன்றமா?

நேரடியாக இல்லை. கடல் அட்டை கடலடியில் வாழும் உயிரினம், அதைப் பிடிப்பதற்குத்தான் தடை. கீழக்கரை முதல் தங்கச்சிமடம் வரை எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பைப் புரட்டிப்போட்ட அந்தத் தடை 2001-ல் ஒன்றிய அமைச்சகம் வெளியிட்ட ஓர் அரசிதழ் அறிவிக்கையில் வந்தது. வன உயிரினச் சட்டத்தின் அட்டவணையில் எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்ற அதிகாரத்தை நாடாளுமன்றம் அரசிடம் கொடுத்திருந்தது. அரசு கடல் அட்டை இனங்களை முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கிற வரிசையில் சேர்த்தது. அவையில் வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. எதிர்க்கரையான இலங்கையில் லைசென்ஸ் வாங்கிப் பிடிக்கிற பொருளுக்கு இங்கே ஜெயில்.

கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் இதே வகை. 1991, 2011, 2019 என்று மூன்று முறை வந்த அவை 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த அறிவிக்கைகள். உங்கள் குப்பத்தில் வீடு கட்டலாமா, வலை காயப்போடும் இடம் யாருக்கு என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இப்படி அதிகாரத்தைக் கைமாற்றிக் கொடுப்பதற்கும் எல்லை உண்டு. கொள்கை என்ன என்பதை நாடாளுமன்றமே சட்டத்தில் சொல்லியிருக்க வேண்டும், விவரங்களை மட்டுமே அரசிடம் விடலாம் என்று 1951-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டங்களின் கீழ் அரசு போடும் விதிகளையும் அறிவிக்கைகளையும் பார்ப்பதற்கு இரண்டு அவைகளிலும் துணைநிலைச் சட்டக் குழுக்கள் இருக்கின்றன. என்னைக் கேட்டால், கடலோர மக்களைப் பொறுத்தவரை மேடைகளில் பேசப்படும் பெரிய மசோதாக்களை விட இந்த அறிவிக்கைகள்தான் வாழ்க்கையைத் தொடுகின்றன. வரைவு அறிவிக்கை வரும்போது ஆட்சேபணை தெரிவிக்கக் கொடுக்கும் 60 நாளை நம் ஊர்ச் சங்கங்கள் விட்டுவிடக் கூடாது.

நாடாளுமன்றத்தைக் கேட்காமல் கச்சத்தீவை எப்படிக் கொடுத்தார்கள்?

இந்தக் கேள்வி இல்லாமல் எந்தக் கூட்டமும் முடிவதில்லை. பதில் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், உள்நாட்டுக்குள் எல்லையை மாற்றுவது வேறு. 3-வது பிரிவின்படி நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் ஒரு மாநிலத்தைப் பிரிக்கலாம், சேர்க்கலாம், பெயரை மாற்றலாம். சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், சம்மதம் தேவையில்லை. மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனதும் நாடாளுமன்றச் சட்டத்தால்தான், 1969 ஜனவரி 14 முதல்.

நிலத்தை வெளிநாட்டுக்குக் கொடுப்பதற்கு 3-வது பிரிவு போதாது. 1958-ல் நேரு பாகிஸ்தானோடு பேசி, மேற்கு வங்கத்தின் பேருபாரிப் பகுதியில் பாதியைக் கொடுக்க ஒப்புக்கொண்டார். குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்க, 1960-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: இந்திய நிலத்தை வேறு நாட்டுக்கு விட்டுக்கொடுக்க வேண்டுமானால் அரசியல் சாசனத்தையே திருத்த வேண்டும். அதன்படி 9-வது திருத்தம் வந்தது. 2015-ல் வங்கதேசத்தோடு நிலத்துண்டுகளைப் பரிமாறிக்கொண்டபோதும் 100-வது திருத்தம் செய்தே கொடுத்தார்கள்.

அப்படியென்றால் 285 ஏக்கர் கச்சத்தீவுக்கு ஏன் திருத்தம் வரவில்லை? ஒன்றிய அரசின் வாதம் இதுதான்: அந்தத் தீவு யாருடையது என்பதே தகராறில் இருந்தது. இலங்கையோடு போட்ட 1974 ஜூன் ஒப்பந்தம் எல்லையை வரையறுத்தது, எந்த நிலத்தையும் கொடுக்கவில்லை. எல்லைத் தகராறைத் தீர்ப்பதற்குச் சாசனத் திருத்தம் வேண்டாம் என்று கட்ச் (குஜராத்தில் பாகிஸ்தானோடு உள்ள எல்லை) வழக்கில் 1969-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அவர்களுக்குத் துணை. எதிர்த்தரப்பின் வாதம்: தீவு ராமநாதபுரம் ஜமீனின் சொத்து, நம் ஆவணங்களில் இருந்தது, ஆகவே அது கொடுத்ததுதான், பேருபாரித் தீர்ப்புதான் பொருந்தும். 2008-ல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார், 2011-ல் தமிழ்நாட்டின் வருவாய்த்துறையும் வழக்கில் சேர்ந்தது.

1974 ஜூலையில் இந்த ஒப்பந்தம் மக்களவையில் வைக்கப்பட்டது. அப்போது ராமநாதபுரம் எம்.பி.யாக இருந்த பி.கே. மூக்கையா தேவர் அதைக் கடுமையாக எதிர்த்துப் பேசினார். பேச்சு பதிவாகியது, வாக்கெடுப்புக்கு வரவில்லை. ஒப்பந்தம் போடுவது நம் நாட்டில் அரசின் வேலை. அதற்கு நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் வேண்டும் என்று சாசனம் எங்கேயும் கட்டாயமாக்கவில்லை. இது நம் சாசனத்தின் ஒரு பெரிய ஓட்டை என்பது என் உறுதியான எண்ணம். கடலோர மக்களின் தலைமுறைகளைப் பாதிக்கும் ஒப்பந்தத்தை அவையின் வாக்குக்கு விட்டால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம் 1976. முதல் ஒப்பந்தத்தின் 5-வது ஷரத்து இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே விசா இல்லாமல் தீவுக்குப் போகலாம் என்றது. 1976 மார்ச்சில் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்றன. அந்த மாதம் நாட்டில் நெருக்கடி நிலை, தமிழ்நாட்டில் ஆட்சி கலைக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எதிர்த்துத் தீர்மானம் போடச் சென்னையில் சட்டமன்றமும் இல்லை.

இன்று நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டுத் தீவை மீட்க முடியுமா என்றால், நேர்மையான பதில்: சட்டம் இலங்கையைக் கட்டுப்படுத்தாது. மறுபேச்சுவார்த்தைக்கு அரசை நெருக்க நாடாளுமன்றத்தால் முடியும்.

இலங்கைச் சிறையில் இருக்கும் நம் மீனவர்களை ஒரு சட்டத்தால் விடுவிக்க முடியாதா?

முடியாது. அவர்கள் மீது வழக்குப் போடுவது அந்த நாட்டுச் சட்டம், போடுகிற இடம் அந்த நாட்டு நீதிமன்றம். வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தை இலங்கை நாடாளுமன்றம் 2018-ல் பல மடங்கு கூட்டியது. அதை நம் அவை மாற்ற முடியாது. எல்லை தாண்டி விளைவு உண்டாக்கும் சட்டம் போட நம் நாடாளுமன்றத்துக்கு 245(2) இடம் கொடுக்கிறது என்றாலும், அந்த விஷயத்துக்கு இந்தியாவோடு உண்மையான தொடர்பு இருக்க வேண்டும் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்னொரு நாட்டின் நீதிமன்றத்துக்குக் கட்டளையிட அது வழியாகாது. பிடிபட்ட படகுக்கு இழப்பீடு, குடும்பத்துக்கு உதவி, வழக்குச் செலவு ஆகியவற்றை இங்கேயே செய்யலாம். அதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம், பட்ஜெட்டில் பணம் ஒதுக்கினால் போதும்.

அரசியல் சாசனமே தடையாக இருந்தால், அதையே திருத்திவிடலாமே?

திருத்தலாம். 368-வது பிரிவின்படி இரண்டு அவைகளிலும் தனித்தனியாக, மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் ஆதரிக்க வேண்டும். மூன்று பட்டியல்களில் கை வைத்தால் பாதி மாநிலச் சட்டமன்றங்களும் ஏற்க வேண்டும். மீன்வளத்தை நாளைக்கே பொதுப் பட்டியலுக்கு மாற்ற நினைத்தால் இதைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

அதற்கு மேலும் ஒரு வேலி இருக்கிறது. அடிப்படை உரிமைகளைத் திருத்தவே முடியாது என்று 1967-ல் கோலக்நாத் வழக்கில் தீர்ப்பு வந்தது. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்ந்து, ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் அதை மாற்றினார்கள்: எந்தப் பிரிவையும் திருத்தலாம், ஆனால் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது. எவையெல்லாம் அடிப்படைக் கட்டமைப்பு என்று முழுப் பட்டியல் கிடையாது. கூட்டாட்சி, மதச்சார்பின்மை, நீதிமன்ற ஆய்வு, நேர்மையான தேர்தல் எல்லாம் அதில் வரும் என்று வழக்கு வழக்காகச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

இது வெறும் ஏட்டுப் பேச்சில்லை. பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்கவே கூடாது என்ற 39-வது திருத்தத்தின் பகுதி 1975-ல் விழுந்தது. திருத்தும் அதிகாரத்துக்கு எல்லையே இல்லை என்று 42-வது திருத்தம் எழுதிவைத்தது 1980-ல் மினர்வா மில்ஸ் வழக்கில் விழுந்தது. நீதிபதிகள் நியமன ஆணையத்துக்கான 99-வது திருத்தம் 2015-ல் விழுந்தது. கடைசியில் சொன்ன தீர்ப்பில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் நிறையப் பேர். அவை ஏறக்குறைய ஒருமனதாக நிறைவேற்றியதை நீதிபதிகளே தங்கள் விஷயத்தில் தள்ளலாமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் 1975-ஐ நினைத்தால் அந்த வேலி இருக்கட்டும் என்றுதான் தோன்றுகிறது.

69 சதவீத இடஒதுக்கீட்டை ஒன்பதாவது அட்டவணையில் வைத்துவிட்டார்களே, அதைத் தொட முடியாதுதானே?

முழுப் பாதுகாப்பு இல்லை. அடிப்படை உரிமைகளை மீறுகிறது என்று நீதிமன்றம் தள்ளாமல் காக்கத்தான் சட்டங்களை ஒன்பதாவது அட்டவணையில் வைப்பார்கள். 1994-ல் 76-வது திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டத்தை அங்கே வைத்தது. 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணைக்குள் போன சட்டங்களை அடிப்படைக் கட்டமைப்புக்கு எதிரானவையா என்று ஆராயலாம் என 2007-ல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கும் தமிழ்நாட்டிலிருந்து, கூடலூர் ஜன்ம நிலங்களிலிருந்து போனதுதான்.

மாநிலங்களவைக்கு என்ன வேலை?

வரி, அரசின் செலவு பற்றிய பண மசோதாவில் அதன் கை கட்டப்பட்டிருக்கிறது. 14 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும், அது சொல்வதை மக்களவை ஏற்க வேண்டியதில்லை. சாதாரண மசோதாவில் முட்டுக்கட்டை வந்தால் கூட்டுக்கூட்டம். இதுவரை 1961, 1978, 2002 என மூன்று மசோதாக்களுக்குத்தான் அது நடந்திருக்கிறது. சாசனத் திருத்தத்தில் மட்டும் இரண்டு அவைகளும் சமம், கூட்டுக்கூட்டம் கிடையாது. தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39, மாநிலங்களவையில் 18 இடங்கள்.

நம் எம்.பி. ஏன் கட்சியை மீறி நமக்காக வாக்களிப்பதில்லை?

1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம்தான் காரணம். எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ வராமல் இருந்தாலோ, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவி போகலாம். ஆட்களை விலைக்கு வாங்குவதைத் தடுக்க வந்த சட்டம் அது, கூடவே எம்.பி.யின் சொந்த மனசாட்சியையும் கட்டிப்போட்டுவிட்டது. அரசு கவிழும் வாக்கெடுப்புக்கும் பட்ஜெட்டுக்கும் மட்டும் கொறடா போதும் என்று சட்டம் மாறினால் கடலோரத் தொகுதிகளின் குரல் கட்சி எல்லையைத் தாண்டி ஒன்றாகக் கேட்கும். வாக்களிக்கத்தான் இந்தத் தடை, பேசுவதற்கு இல்லை. அவையில் பேசியதற்காக எந்த நீதிமன்றமும் எம்.பி. மீது வழக்கு எடுக்க முடியாது (105). தமிழிலும் பேசலாம்.

அப்படியானால் எம்.பி.யிடம் எதைக் கேட்பது?

ஒருமுறை எம்.பி.யிடம் கொடுக்க எழுதிய ஒரு மனுவை என்னிடம் காட்டினார்கள். கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுப்பதில் தாமதம், மானிய டீசல் அளவு, இறங்குதளத்தில் விளக்கு, நாட்டுப்படகு எல்லைக்குள் இழுவைமடி வருவது, கடைசியில் பிடிபட்ட படகுகள். முதல் நான்கும் மாநில மீன்வளத்துறையும் சட்டமன்றமும் பார்க்க வேண்டியவை. அவற்றை எம்.எல்.ஏ.வுக்கும் கலெக்டரின் குறைதீர் கூட்டத்துக்கும் தனி மனுவாகப் பிரித்தோம். எம்.பி.க்குப் போனது படகு விஷயம் மட்டும். நல்ல மனு என்றால் அப்படி ஒரே விஷயத்தைப் பேச வேண்டும்.

எம்.பி.யின் கையில் இருக்கிற வலுவான ஆயுதம் கேள்வி. ஒரு நாளில் மக்களவையில் அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்லும் 20 நட்சத்திரக் கேள்விகளும், எழுத்தில் பதில் வரும் 230 கேள்விகளும் ஏற்கப்படுகின்றன. 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும், எனவே கூட்டத்தொடர் தேதி வந்ததுமே கொடுத்துவிட வேண்டும். "மீனவர்களுக்கு என்ன செய்தீர்கள்?" என்று எழுதினால் அரைப்பக்க வாழ்த்துரைதான் பதிலாக வரும். எந்த ஆண்டு, எத்தனை படகு, எவ்வளவு தொகை, எப்போது கொடுத்தது என்று கேட்டால் எண் வரும். அமைச்சர் அவையில் கொடுத்த எண்ணை வைத்து நீங்கள் நீதிமன்றம்கூடப் போகலாம்.

இன்னொரு வழி அதிகம் பேருக்குத் தெரியாது. மக்களவையில் மனுக்கள் குழு இருக்கிறது. பொதுநலன் சார்ந்த விஷயத்தில் குடிமக்களே மனு எழுதி, ஓர் எம்.பி.யின் மேலொப்பத்தோடு அவையில் சமர்ப்பிக்கலாம். தமிழில் எழுதினால் ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பும் வைத்து அதிலும் கையெழுத்துப் போட வேண்டும். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விஷயமாகவோ, மாநிலச் சட்டமன்றத்தில் எழுப்ப வேண்டியதாகவோ இருக்கக் கூடாது. ஆகவே அந்த மனுவில் கச்சத்தீவு உரிமையைச் சேர்த்தால் மொத்தமும் திரும்பி வரும். யாத்ரீகர் பயணம், பிடிபட்ட படகுகளுக்கான இழப்பீடு, கடலோர மண்டல அறிவிக்கையில் வலை காயப்போடும் இடத்துக்குப் பாதுகாப்பு போன்றவற்றைத் தனித்தனி மனுவாக எழுதுங்கள்.